ஆறு நிமிடத்துக்கு ஒரு மெமோ

காலை 11.10 முதல் 11.16 வரை வார்டில் செவிலியர் இல்லை. மணிமொழிக்கு வந்த மெமோவில் இருக்கும் குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

மணிமொழிக்கு முப்பத்து நான்கு வயது. சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பெண்கள் வார்டில் இருபத்தெட்டுக் கட்டில். போன வருடம்வரை காலை ஷிஃப்டுக்கு இரண்டு பேர். இப்போது அவர் மட்டும். தனியாக இருப்பவர் வார்டை விட்டு நகரக் கூடாது என்பதால், ஏழு மணிக்கு வந்தால் இரண்டு மணிவரை தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொண்டார். ஐந்து மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று. மூன்றாவது முறை காய்ச்சலோடு அதே வார்டில் பதினேழாம் கட்டிலில் படுத்தார்.

"இன்னொரு தடவ வந்தா கிட்னிக்கு ஆபத்து" என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பிய அன்றே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்துக் குடித்தார். பதினொரு மணிக்குள் சிறுநீர் முட்டியது. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஓவர் நோட்டில் இருபத்தெட்டுப் பேரையும் எழுதி முடித்திருந்தார். செவிலியர் கண்காணிப்பாளர் அன்புக்கரசிக்கு போன் போட்டார்.

"மேடம், உடனே வார்டுக்கு வாங்க."

அன்புக்கரசி மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாருக்கு இன்னா ஆச்சு?"

"எனக்குத்தான் மேடம். பாத்ரூம் போவணும். ஓவர் எடுத்துக்குங்க, கையெழுத்து போடுங்க."

"வெளாடறியா?"

நோட்டை அவர் கையில் வைத்துவிட்டு மணிமொழி நடந்தார். கையில் டிரிப் ஓட, குஞ்சம்மாள் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்: "பொறுமையா வா சிஸ்டரு. மேடத்த நாங்க பாத்துக்கறோம்." வார்டே சிரித்தது.

அன்புக்கரசி கையெழுத்துப் போடவில்லை. முறையாக ஒப்படைக்காமல் வெளியேறினார் என்று மறுநாள் மெமோ. மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலை போகும்.

"நாங்கல்லாம் அடக்கிக்கினு வேல பாக்கலியா?" என்றார் அன்புக்கரசி.

"பாத்தீங்க மேடம். போன தையில உங்களுக்கு கிட்னி கல்லு எடுத்தப்ப டிரிப் போட்டதே நான்தான."

அன்புக்கரசி வெள்ளைத் தாளை முன்னே தள்ளினார். மணிமொழி நின்றபடியே எழுதினார்: 'நான் சிறுநீர் கழிக்கச் சென்றேன். நோயாளிகளைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டே சென்றேன். இரண்டாவது செவிலியரைப் போடும்வரை தினமும் அவரைக் கூப்பிடுவேன், தினமும் செல்வேன்.'

மதிய ஷிஃப்டுக்கு வந்த ரஞ்சனி அதைப் படித்துவிட்டுப் பதறினார். "அக்கா, வேல போச்சுன்னா?"

"வேற ஆஸ்பத்திரி தேடிப்பேன். கிட்னி போச்சுன்னா எங்கடி தேடறது?"

சொன்னபடி அடுத்த நாளும் போன் போட்டார். அதற்கடுத்த நாளும்.

மெமோ மீதான விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அன்று மணிமொழிக்குக் காலை ஷிஃப்ட். அந்த நேரம் வார்டை யார் பார்ப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.