வெறுங்கையோடு வராத அய்யா

அய்யாவின் முதலாண்டுப் படையலுக்கு சிக்கல் ஊரிலிருந்து சித்தப்பா குடும்பத்தார் முந்தின நாளே ரயிலேறி அக்காள்மடம் வந்துவிட்டார்கள். புதுமடத்திலிருந்து மீரான் பாய் வந்திருந்தார். அய்யா சமையல்காரராக இருந்த பாம்பன் அரசுப் பயணியர் பங்களாவில் நெடுங்காலம் காவல்காரராக இருந்தவர் அவர்; அய்யாவை மச்சான் என்று அழைப்பவர். அம்மா இருந்தார்கள், நான் இருந்தேன். கொழும்பிலுள்ள மாமாவுக்கு அனுமதி கிடைக்காததால் வர இயலவில்லை. என் அக்கா இல்லை. பத்து வருஷம் முன்பே, பதினான்கு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அவள் இல்லாத விசேஷங்கள் எங்களுக்குப் பழகிப்போனவைதான். ஆனால் அன்றைக்கு அவளை நானே அழைத்து வந்து நடுவீட்டில் நிறுத்திவிட்டேன். தெரியாமல் செய்தேன். அதைச் சொல்லாமல் அய்யாவைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

அய்யா சிக்கலில் பிறந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருஷத்தில், மீசை முளைக்காத வயதில், பாம்பனுக்கு வந்து பங்களாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார்கள். கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துச் சமையல் கற்றார்கள். எழுத்து தெரியாது. பள்ளிக்கூட வாசலைக் கண்டது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றுதான். சுதந்திரம் வந்தபோது சித்தப்பா கேட்டாராம், "வெள்ளக்காரன் போயிட்டான். இனி ஒனக்கு அங்கன என்னண்ணே வேல?" அய்யா சொன்னார்களாம், "அவன்தானப்பா போனான். பசி போகலியே."

சொன்னபடியே நம்மூர் அதிகாரிகள் வந்தார்கள். அவர்களும் அதே தட்டைத்தான் கேட்டார்கள்: கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும். சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அரை மணியில் ஆகக்கூடிய சாப்பாடு அது ஒன்றுதான். இரண்டு கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்திய கறியை வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், பட்டை போட்டு நீர் வற்றச் சுண்டவைக்க வேண்டும். பக்கத்து அடுப்பில் கிழங்கு வெந்ததும் சூட்டோடு தோலை உரித்து, பித்தளைத் தம்ளரின் அடியால் மசித்து, வெண்ணெயும் காய்ச்சிய பாலும் விட்டு, கட்டியில்லாமல் அடிக்க வேண்டும். அய்யா உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைத்ததில்லை. கையளவுதான்.

பங்களாப் பொருளில் ஒரு கிழங்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அக்கா சின்ன வயதிலிருந்தே கேட்பாள்.

"அந்த வெள்ளக் கெழங்கு எப்புடிய்யா இருக்கும்?"

"பூ மாதிரி இருக்கும் ஆத்தா."

"நீங்க தின்னீகளா?"

"சமைக்கிறவனுக்கு வாடையே போதும்."

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆசையிருந்தும் கட்டுப்பாட்டால் தின்னவில்லை என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் அய்யாவுக்குப் பெயர் வாங்கித் தந்த பண்டத்தையே படைக்க வேண்டுமென்று நானாக முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கிழங்கு கொண்டுவந்த ஆள் தாமதமாக வந்தார். அய்யா விடுமுறையில் எனக்குக் கற்றுத்தந்த கணக்குப்படி அரை மணியில் சமைத்து இலையில் வைத்தேன்.

"என்னப்பா, கெழங்குக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்க?" என்று சித்தப்பா சிரித்தார். மீரான் பாய் சிரிக்கவில்லை. அம்மா இலையையே பார்த்தார்கள்.

"ஏலே, இத ஆரு வைக்கச் சொன்னா?"

"அய்யாவுக்குப் பிடிச்சதுல்லம்மா."

"அவுகளுக்கா? ஒருநாளும் வாயில வச்சதில்லயேப்பா."

பிறகு மீரான் பாய்தான் சொன்னார். அக்கா காய்ச்சலில் கிடந்தபோது நான் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் போய்விட்டாள் என்ற செய்திதான் எனக்கு வந்தது. மற்றதை அன்றுதான் கேட்டேன்.

பத்து நாளாகக் கஞ்சிகூட இறங்காத பிள்ளை, இறந்த அன்று காலையில் அய்யாவிடம் அந்தக் கிழங்கைக் கேட்டிருக்கிறாள். அய்யா கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.

"அஞ்சு மணி வாக்குல நாந்தான் தம்பி சைக்கிள எடுத்துட்டு வந்து புள்ளயப் பாத்தேன். 'கெழங்கு வேணாம்னு சொல்லுங்க மாமா, அய்யா வந்தாப் போதும்'னுச்சு. ஓடிப்போயி மச்சாங்கிட்ட அப்படியே சொன்னேன். அந்நேரம் பாத்து ஒரு அதிகாரி வந்து எறங்கியிருக்காரு, சாயங்கால வண்டியப் புடிக்கணும்னு. மச்சான் அடுப்பவிட்டு நிமிரல. 'அரை மணிதான் மீரான். ஆசப்பட்டுக் கேட்ட புள்ளகிட்ட வெறுங்கைய வீசிக்கிட்டா போறது'ன்னாக."

நோயாளிப் பிள்ளையைப் பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். பெற்றவரும் அப்படித்தான் நினைத்தார்.

"அவரு சாப்ட்டு எந்திரிக்க மணி ஆறு. பில்லுப் போடுற எழுத்தர் அதுக்கப்புறந்தான் வந்தாரு. காசு கட்டாம எடுக்க மாட்டேன்னு மச்சான் நின்னுக்கிட்டே இருந்தாக. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த அதிகாரியே போகச் சொல்லியிருப்பாரு, நல்ல மனுசன். மச்சான் சொல்லல. நானும் சொல்லல தம்பி."

மிச்சத்தை அம்மா சொன்னார்கள். "ஓட்டமா வந்தாக. தூக்குச்சட்டி சுட்டுச்சு. புள்ள கை சில்லுன்னு கெடந்துச்சு. அப்பவும் துளி எடுத்து அவ ஒதட்டுல வச்சுப் பாத்தாகப்பா."

அதற்குப் பிறகும் பல வருஷம் அய்யா அதே தட்டைச் சமைத்தார்கள். என் விடுதிச் செலவு, புத்தகம், சட்டை எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவை. எனக்குச் சமைக்கக் கற்றுத்தந்த அன்று ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். "வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். பழைய கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறல். பொழுது சாயும்போதெல்லாம், "வண்டி போயிருச்சா?" என்று கேட்பார்கள். நினைவு தப்பிப் பேசுகிறார்கள் என்று எண்ணி, "இன்னும் போகலய்யா, படுங்க" என்பேன். வண்டி போய்விட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்றல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இலையை எடுக்கக் குனிந்தேன். அம்மா தடுத்தார்கள். "எடுக்காத. அது அவளுக்கு இருக்கட்டும்." அய்யாவுக்கு வேறு இலை போட்டு, அவர்கள் விரும்பி உண்ட சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தோம். இரண்டு இலைக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டினோம்.

அய்யாவின் நோயில் கேட்டபோதெல்லாம் வந்த ராமேஸ்வரம் கம்பவுண்டர் அவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அக்காள்மடத்து மக்களுக்கும், தூரம் பாராமல் வந்த சிக்கல் உறவினர்களுக்கும், பத்து வருஷம் மனதில் வைத்திருந்ததை இறக்கிவைத்த மீரான் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எல்லோரும் போன பிறகு, இந்த நினைவு மலருக்குப் படம் தேடி அய்யாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சலவை வேட்டியின் மடிப்புக்குள், அக்கா போன தேதியிட்ட பங்களா ரசீது ஒன்று இருந்தது. எழுத்து தெரியாதவர்கள் அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். கொத்துக்கறி, மசித்த கிழங்கு, வீட்டுக்கு எடுத்துப்போகும் சாப்பாடு ஒன்று. ஒரு ரூபாய் நான்கு அணா.