சாவி மனைவியின் கையில் இருந்தது

அன்று பங்குனி அமாவாசை. ஆம்பூர் தாண்டியதும் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. தோல் பதனிடும் ஷெட் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே ஏதோ முனகியது. எங்கள் ஊரில் எதையும் தோல் வாரால்தான் கட்டுவோம். ஆடிய ரேடியேட்டர் குழாயை முன்பு நான் கட்டியிருந்த வார் அவிழ்ந்து ஃபேன் இறக்கையில் சுற்றியிருந்தது. விரலை நீட்டினேன்.

"கைய உடாதீங்க," என்றாள் சாவியோடு இறங்கி வந்து பக்கத்தில் நின்ற மனைவி.

"சாவி உன்கிட்டதானே இருக்குது? பேயா வந்து ஓட்டப்போவுது?"

"எங்க ஷூ கம்பெனில மிஷின் நின்னாலும் கைய உடமாட்டோம். நுனிய புடிச்சி இழுங்க."

இழுத்தேன். வார் கையோடு வந்த நொடியில் ஃபேன் தானாக உறுமிச் சுழன்றது. அவள் மெல்லத் திரும்பி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். யாருமில்லை.

எஞ்சினை அணைத்தாலும் சூடு தணியும்வரை ஃபேன் அப்படி ஓடும் என்று பிறகு படித்தேன். ஆனாலும் இன்றும் பானெட்டைத் திறக்கும்முன் அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொள்கிறேன்.