நழுவிய ஸ்டே

எண்பதுகளில் திருத்தணியில் மரப்பட்டறை வைத்திருந்தேன். ஒருநாள் வீடியோ கடை முதலாளி ஒருவர், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட வாங்கிய புரொஜெக்‌ஷன் டிவியோடு வந்தார். பீரோ மாதிரி இருந்தது. பாதி மண்டபங்களின் வாசலில் நுழையவில்லை. மடக்கி வேனில் ஏற்றுகிற மாதிரி புதுப் பெட்டி கேட்டார்.

ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெரிய திரைக்குக் கீல் போட்டு, மடக்கினால் பெட்டியின் மேலேயே படுக்கும்படி செய்தேன். நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி பிடித்துக்கொள்ளும். அதை ஸ்டே என்போம். முதலாளி டேப் வைத்து அளந்தார்.

“இன்னா மேஸ்திரி, இத்த ஏத்திக்கினா வேன்ல ஆளுங்க எங்க குந்துறது? இன்னும் ரெண்டு இஞ்சு கொறைங்க.”

“அப்போ ஒரு பக்கத்து ஸ்டேவ எடுக்கணுங்க. தெர கனம். ஒண்ணே தாங்குமான்னு தெரியல.”

“ஆங், அதெல்லாம் தாங்கும். எடுங்க.”

எடுத்தேன். பட்டறையில் திரும்பத் திரும்ப நிமிர்த்திப் பார்த்தேன். ஒருமுறை ஸ்டே லேசாக நழுவியது. ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மூன்றாவது வாடகை பள்ளிப்பட்டில், ஒரு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம். கலர் சரியாக விழவில்லை என்று ஆபரேட்டர் கரீம் பாய் பெட்டிக்குள் கையை விட்டு எதையோ திருப்பிக்கொண்டிருந்தார். திரை விழுந்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறுநாள் முதலாளி வந்தார். “யாரு கேட்டாலும் அவன் கவனமில்லாம கைய வுட்டான்னு சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அதான் நல்லது.”

தலையாட்டினேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கரீம் பாய்க்கு அவர் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“ஸ்டே நழுவுறது எனக்கு முன்னாடியே தெரியும் பாய். சொல்லாம வுட்டுட்டேன்.”

கரீம் பாய் கட்டுப்போட்ட கையையே பார்த்தார். “எனக்கும் தெரியும் மேஸ்திரி. போன கல்யாணத்துலயே ஆடிக்கினு இருந்துச்சு. சொன்னா வேற ஆளப் போட்டுடுவாருன்னு வாய மூடிக்கினேன்.”

அவர் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். முதலாளி அதோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார். கரீம் பாய் பிறகு எந்த மெஷினையும் தொடவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: குறை யார் கண்ணில் முதலில் படுகிறதோ, அவர் அன்றைக்கே வாய் திறக்க வேண்டும். முதலில் பார்த்தவன் நான்.