எடையாள் பின்னின தொப்பி

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில நெல்லு மூட்டை எடை போடுற அரிகிருஷ்ணனைத் தெரியாத விவசாயி அந்தச் சுத்துவட்டாரத்துல கம்மி. ஆளு வாட்டசாட்டமா இருப்பான். எழுபத்தஞ்சு கிலோ மூட்டையை எடை மேடையில தள்ளி, நம்பரைச் சத்தமா சொல்லிட்டு, கோணி ஊசியால வாயைத் தெச்சு அந்தாண்ட உருட்டி வுடுவான். ஒவ்வொரு விரலும் வாழைக்காய் தண்டிக்கு இருக்கும். சாயங்காலம் ஆச்சுன்னா அந்தக் கையிலதான் குரோஷா ஊசி இருக்கும். ஆமாம், பொம்பளைங்க மேஜை விரிப்பு பின்னுவாங்களே, முனையில சின்னக் கொக்கி வெச்ச ஊசி, அதேதான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி குடோன்ல அட்டியா அடுக்கின மூட்டைங்க சரிஞ்சு அவன் கால் ஒடைஞ்சது. ரெண்டு மாசம் கட்டில்ல கெடந்தான். எலும்பு கூடணும்னா பீடியை வுடுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. பீடி இல்லாத கை சும்மா இருக்குமா? செல்போனைத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கினு இருந்தவன் கண்ணுல ஒரு வீடியோ பட்டுச்சு. யாரோ ஒரு அம்மா நூலைக் கொக்கியில மாட்டி மாட்டி இழுத்து ஒரு பூவைக் கொண்டாந்துட்டாங்க. பொண்டாட்டி வெண்மதிகிட்ட, "ஃபேன்சி ஸ்டோர்ல அந்த ஊசி ஒண்ணு வாங்கியாயேன்"னான். அவ வயித்தைப் புடிச்சிக்கினு சிரிச்சா. சிரிச்சிட்டு வாங்கியாந்து குடுத்தா. கால் கூடினப்போ பீடி போயிருந்துச்சு, ஊசி தங்கிடுச்சு.

ஊரு வாய மூட உலை மூடியா இருக்குது? கூட வேலை செய்யிற ராஜாராம், "இன்னாப்பா அரி, உனக்கு மஞ்சத்தண்ணி எப்போ ஊத்துறாங்க?"ன்னு கமிட்டிக்கே கேக்குற மாதிரி கேட்டான். மார்கழி வந்ததும் அரி அவனுக்கே ஒரு குல்லா பின்னிக் குடுத்தான். ராஜாராம் அதை மாசி வரைக்கும் கழட்டல. அடுத்த வருஷம் கமிட்டியில பாதித் தலையில அரி பின்னின குல்லாதான். வெண்மதிக்கு ஒரு சால்வை, தோள்ல மாட்டுற பை, செல்போனுக்கு உறைன்னு வீட்டுலயும் சேந்துக்கினே போச்சு. வெலைக்குப் பின்னித் தர்றியான்னு யாராவது கேட்டா மட்டும் மூஞ்சி சுருங்கிடும். "வேலை பகல்ல செய்யிறேன். இது வேலை இல்ல"ம்பான்.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு அவங்களுக்கு. ரெண்டு தடவை மூணாம் மாசத்துலயே கலைஞ்சு போச்சு. மூணாவதா தங்கினது அஞ்சு மாசம் தாண்டினதும் அரிக்குக் கை நிக்கல.

அவன் அம்மா செல்லம்மாள் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா. பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது, பொறந்தா பெத்த அப்பனோட பழைய வேட்டியிலதான் சுத்தணும், மத்ததெல்லாம் அப்புறம். செஞ்சியில எல்லா வீட்டுலயும் அதான் வழக்கம். படிச்சவன் வீட்டுலயும் அதான். புள்ள பொறக்குறதுக்கு முன்னால பேரு வெச்ச கதையா ஆயிடக் கூடாதுன்னு ஒரு பயம். அரிக்கும் இது தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சான். மத்தியானம் சோத்தைத் தின்னுட்டு குடோன்ல மூட்டைங்களுக்கு நடுவுல ஒக்காந்து, இளமஞ்சள் பருத்தி நூல்ல ஒரு தொப்பி, ஒரு ஜோடி சாக்ஸ், முன்னாடி முடிச்சு போடுற ஒரு சட்டை பின்னினான். சட்டையில கை நொழையிற எடம் அவன் கட்டை விரலுக்கே பத்தல. அதைப் பாத்துப் பாத்துத் தனியா சிரிச்சுக்குவான். வெண்மதிக்குக்கூடச் சொல்லல. பீரோவுல பழைய வேட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சான்.

ஏழாம் மாசம் வளையல் அடுக்கி நாலாம் நாள், வெண்மதிக்குக் காலு வீங்கி, கண்ணு இருட்டி, பிரஷர் எங்கியோ ஏறிடுச்சு. ஆம்புலன்ஸ்ல விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு உசுரையும் காப்பாத்தணும்னா இப்பவே எடுக்கணும்னு சொல்லி ஆபரேஷன் பண்ணாங்க. பொட்டப்புள்ள. ஆயிரத்து நூத்தி எண்பது கிராம். அழுவக்கூட அதுக்குத் தெம்பு இல்ல. கண்ணாடிப் பொட்டிக்குள்ள கொண்டு போயி வெச்சுட்டாங்க. அரிக்கு ஜன்னல் வழியா ஒரே ஒரு தரம் காட்டினாங்க. நெல்லு மூட்டையில சாம்பிள் எடுத்தா உள்ளங்கையில எவ்ளோ வரும், அவ்ளோதான் இருந்துச்சு.

புள்ளைக்குச் சுத்தப் பழைய வேட்டி வேணும்னு அரியும் செல்லம்மாளும் வீட்டுக்கு வந்தாங்க. செல்லம்மாள்தான் பீரோவத் தொறந்தா. வேட்டியை இழுத்ததும் மஞ்சளா மூணு உருப்படி தரையில வுழுந்துச்சு.

"இது இன்னாடா?"

அரி குனிஞ்சு தொப்பியை எடுத்து உள்ளங்கையில மூடிக்கினான்.

"நீயாடா பண்ணே? வயித்துல இருக்கறப்பவே?" அவ அப்படியே தரையில ஒக்காந்துட்டா. கத்தல. கத்தியிருந்தா தேவலாம். "ரெண்டு போனது பத்தாதாடா உனக்கு? உன் கையாலயே இதையும் கூப்ட்டு வெளியில வுட்டுட்டியேடா."

அரி இதையெல்லாம் நம்புற ஆளு இல்ல. எலுமிச்சம்பழத்தைத் தாண்டிப் போறவன், பூனை குறுக்க வந்தா ஹாரன் அடிக்கிறவன். ஆனா பெத்த புள்ள கண்ணாடிக்குள்ள கெடந்தா எவனுக்கும் புத்தி ஒரு நிலையில நிக்காது. நாமதான் பண்ணிட்டோம்னு அவன் மனசுல அந்த நிமிஷமே பதிஞ்சு போச்சு.

"பிரிச்சிடு. ஒரு முடிச்சு மிச்சம் இல்லாம பிரிச்சிடு. அப்பவாவது அந்த மலையனூர் ஆத்தா மனசு எறங்கி வருவா"ன்னா செல்லம்மாள்.

குரோஷாவுல ஒரு சங்கதி இருக்குது. கடைசி முடிச்சை அவுத்து நுனியைப் புடிச்சு இழுத்தா மொத்தமும் வந்துரும், எங்கியும் நிக்காது. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிக்காரனுக்கு ஒரு நாள் வேலைன்னு சொல்லுவாங்க. இங்க குயவனும் அவன்தான், தடிக்காரனும் அவன்தான். மொதல்ல சாக்ஸ் போச்சு, அப்புறம் தொப்பி, அப்புறம் சட்டை. ரெண்டு மாசம் பின்னினது கால் மணி நேரத்துல குப்பையா மடியில கெடந்துச்சு. எரிச்சிடுன்னா அம்மா. தீப்பெட்டி எடுத்தான், கை வரல. ஒரு கவர்ல அடைச்சு வண்டிப் பொட்டியில போட்டுக்கினு விழுப்புரத்துக்கே திரும்பினான்.

மறுநாள் காலையில குழந்தைங்க வார்டுலேருந்து சுவாதி சிஸ்டர் வெளியில வந்தாங்க. "வெண்மதி குழந்தைக்கு யாரு இருக்கீங்க? தொப்பியும் சாக்ஸும் வேணும். உடம்பு சூடு நிக்கவே மாட்டேங்குது, தலை வழியாவே எறங்கிடுது. சீக்கிரம்."

அரி எதிர்த்தாப்புல இருக்குற கடைக்கு ஓடி, இருக்கறதுலயே சின்னதா மூணு தொப்பி வாங்கியாந்தான். மூணும் தாடை வரைக்கும் எறங்கி மூஞ்சியை மூடிடுச்சாம். "அதெல்லாம் முழு மாசப் புள்ளைங்களுக்கு அண்ணே. பஞ்சு வெச்சுக் கட்டியிருக்கேன், அதுவும் நழுவிக்கிட்டே இருக்குது"ன்னு சிஸ்டர் திருப்பிக் குடுத்தாங்க.

பார்வை நேரத்துல வெண்மதி கட்டிலாண்ட போயி நின்னான். "நீங்க பின்னலாம்ல?"ன்னு அவளே கேட்டா. அதுக்கு மேல அவனால தாங்க முடியல. "பின்னித்தான் வெச்சிருந்தேன் மதி. எல்லாத்தையும் பிரிச்சிட்டேன்"னு நடந்ததைச் சொல்லி அழுதான். பக்கத்துக் கட்டில் ஜனமெல்லாம் பாத்துச்சு. அவ்ளோ பெரிய ஆம்பள அழுவுறதை அவங்க எங்க பாத்திருக்கப் போறாங்க.

கூட வந்து நின்ன செல்லம்மாள், "வேணாம்டா, மறுபடியும் அந்த ஊசியத் தொடாத"ன்னா.

வெண்மதிக்குத் தையல் வலி. மெதுவாத்தான் பேசினா. "அத்தை, அவரு பின்னினதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்றீங்க. அப்படின்னா அவரு கைக்கு அவ்ளோ சக்தி இருக்குது. அந்தக் கையாலயே காப்பாத்தட்டும். இல்லன்னா சக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படி இருந்தாலும் எம்புள்ள தலையில தொப்பி இல்ல." செல்லம்மாள் முந்தானையை வாயில வெச்சுக்கினு வெளியில போயிட்டா.

வண்டிப் பொட்டியிலேருந்து நூலையும் ஊசியையும் எடுத்தான். பிரிச்ச நூலு, இடியாப்பம் மாதிரி சுருண்டு கெடந்துச்சு. டீக்கடையில சுடுதண்ணி வாங்கி அலசிப் புழிஞ்சு, வண்டி ஹேண்டில்ல சுத்தி வெய்யில்ல காய வெச்சான். சிஸ்டர் புள்ள தலையைச் சுத்தி அளந்து ஒரு துண்டு பேண்டேஜ் துணி குடுத்திருந்தாங்க. அவன் கைக்கு ஒரு சாண் நீளம். வராண்டாவுல செவுத்தோரமா ஒக்காந்து ஆரம்பிச்சான். பின்னல் கண்ணி வுட்டுப் போவுது, எண்ணிக்கை தப்புது. ஒவ்வொரு கண்ணி இழுக்கறப்பவும் உள்ள புள்ளைக்கு ஏதாவது ஆவுதோன்னு வார்டு கதவைப் பாக்குறான். மலையனூர் தாயே, எடுக்கணும்னா என்னை எடுத்துக்கோ, அதை வுட்டுடுன்னு வாய் முணுமுணுத்துக்கினே இருந்துச்சு. மொதத் தொப்பி தொளதொளன்னு வந்துச்சு. பிரிச்சான். ரெண்டாவதைச் சாயங்காலம் உள்ள குடுத்தான். சரியா இருக்குதுன்னு சிஸ்டர் சொன்னப்போதான் காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலன்னு ஞாபகம் வந்துச்சு.

அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சா, ஆரம்பமே அதான். தெனம் பத்து மணிக்கு சிஸ்டர் எடை சொல்லுவாங்க. ஆயிரத்து நூத்தி அம்பது. ஆயிரத்து நூத்திப் பத்து. ஆயிரத்து எண்பது. மூட்டைக்கு நூறு கிராம் முன்ன பின்ன இருந்தா காலால தள்ளிட்டுப் போற ஆளு, முப்பது கிராமுக்கு அங்க செவுத்துல சாஞ்சு நின்னான். ஒருநாள் கேட்டே புட்டான்: "சிஸ்டர், மெஷின்ல ஜீரோ சரியா நிக்குதா? எங்க மெஷின் தூசி பட்டாலே கொறைச்சுக் காட்டும்." அவங்க கோச்சுக்கல. "நானும் ரெண்டு தரம் வெச்சுப் பாத்தேன் அண்ணே"ன்னாங்க.

எட்டாம் நாள் புள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு மெஷின் மாட்டினாங்க. பத்தாம் நாள் ஆயிரத்து நாப்பது. கமிட்டியிலேருந்து ராஜாராம் வந்து பக்கத்துல ஒக்காந்துட்டு, கிண்டல் பண்ண வாய் வராம, ரெண்டு வாழைப்பழம் குடுத்துட்டுப் போனான். அரி பின்னிக்கிட்டே இருந்தான். ஈரமானா மாத்த இன்னொரு தொப்பி, இன்னொரு ஜோடி சாக்ஸ். நிறுத்தினா ஏதாவது ஆயிடும்னு இப்போ ஒரு பயம். பின்னினாலும் பயம், நிறுத்தினாலும் பயம். பைத்தியம் புடிக்காத கொறைதான்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அதே வார்டுல இருந்த அவலூர்பேட்டைக்காரங்க புள்ள ஒண்ணு போச்சு. சிஸ்டர் வெளியில வந்து அந்தத் தகப்பன் கையில அது போட்டிருந்த சாக்ஸையும் துணியையும் குடுத்ததை அரி பாத்தான். அந்த மனுஷன் அதை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் அந்தக் கதவு தொறக்குறப்பெல்லாம் அரி மூஞ்சியைப் பாக்க மாட்டான். வர்றவங்க கையைத்தான் பாப்பான்.

இருவத்தி மூணாம் நாள் எடை சொல்ல சிஸ்டர் வரல. பத்தரை ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. வெண்மதியைப் பால் குடுக்க உள்ள கூப்ட்டாங்க, அவளும் வெளியில வரல. பதினொண்ணரைக்குக் கதவு தொறந்துச்சு. சுவாதி சிஸ்டர் கையில மஞ்சத் தொப்பி இருந்துச்சு. வெறும் தொப்பி.

எழுபத்தஞ்சு கிலோவைத் தூக்குற அரி, அந்த ஒரு தொப்பியைப் பாத்துட்டு ஒக்காந்த எடத்துலயே கெடந்தான். செல்லம்மாள் அவன் தோளைக் கெட்டியாப் புடிச்சா.

சிஸ்டர் கிட்ட வந்து தொப்பியை நீட்டினாங்க. "அண்ணே, காதோரம் வரி வரியாப் பதிஞ்சிருக்குது பாத்தேன். இறுக்குது. இன்னும் ரெண்டு விரல் பெருசாப் போட்டுக் குடுங்க."

அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. "புள்ள?"ன்னு மட்டும் கேட்டான்.

"அவங்கம்மா மேல படுத்துத் தூங்குது. ஆயிரத்து இருநூத்தி நாப்பது இன்னைக்கு. இதைச் சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள ஒரு அட்மிஷன் வந்துடுச்சு."

அவன் தொப்பியை மூஞ்சியில வெச்சு அழுத்திக்கினு அழுதான். பால் வாடை அடிச்சுது. மூணு வாரமா வெளியில வராம அடைச்சிருந்தது எல்லாம் வந்துச்சு. சிஸ்டர் உள்ள போயி ரொம்ப நேரம் ஆயும் அழுகை நிக்கல. செல்லம்மாள் அவன் முதுகைத் தடவிக்கினே இருந்தா. அப்புறம் மெதுவா, அவனைப் பாக்காம, கேட்டா.

"நூல் பத்துமாடா?"

"தொப்பிக்கு இருக்குதும்மா."

"சட்டைக்குக் கேட்டேன்"னா.