கந்தளாயில் கடைசிக் கடைத் தயிர்

திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் கந்தளாயில் எத்தனை தயிர்க்கடை இருந்தாலும், கடைசிக் கடையில்தான் நான் சட்டித் தயிர் வாங்குவேன். போன மாதம் அது பூட்டிக்கிடந்தது. மனைவி பக்கத்துக் கடையில் வாங்கினாள். வீட்டில் ஒரு வாய் வைத்ததுமே, "இதென்ன, சுண்ணாம்பா?" என்று சட்டியைத் தள்ளிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "ரெண்டு கடைக்கும் ஒரே வீட்டுத் தயிர்தான் வருதாம், கடைக்காரரே சொன்னவர். முந்தி பஸ் பழுதாகி, காலமையிலிருந்து பட்டினி கிடந்துதானே அந்தக் கடைசிக் கடையில முதன்முதல் சாப்பிட்டனீங்கள்? அது தயிரின்ர ருசியில்லை, உங்கட பசியின்ர ருசி."

விசர்க்கதை என்று எழுந்து போய்விட்டேன். அவளோ அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் கறி அடிப்பிடித்தால், மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் வருகிறது. நேற்று அடிப்பிடித்த கத்தரிக்காய்க் கறியை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.