வார்கோ வீட்டுப் பாராட்டுப் பத்திரம்

மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கின் சட்டமன்ற மாளிகையில், ஓர் உறுப்பினருக்கு வரும் தொகுதி மக்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பயிற்சி ஊழியராக மரீசா யப்லோன்ஸ்கி சேர்ந்தபோது அவளுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. தான் வேலை பார்த்த சட்டை ஆலை மூடப்பட்ட பிறகு கல்லூரிக்குப் போனவள். உடன் பயில்வோர் அவளுடைய மகளின் வயதினர்.

கடிதங்களைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சில உறைகளில் புகையிலை எச்சில் படிந்திருக்கும். பிரிந்துபோன மனைவி எடுத்துச் சென்ற மான்கறியை மீட்டுத் தரச் சட்டம் இயற்றுமாறு ஒருவர் மிரட்டுவார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: 'தங்கள் கவலை என் கவலையும்கூட.' அதன்கீழ் உறுப்பினரின் கையெழுத்தை ஓர் இயந்திரம் கிறுக்கித் தள்ளும்.

அந்தக் குப்பைக்கு நடுவே தீடா வார்கோவின் கடிதங்களும் வந்தன. சாலைக்கடியில் சாக்கடைக் குழாய் உடைந்து, மழை பெய்யும்போதெல்லாம் மலநீர் அவள் வீட்டு நிலவறைக்குள் ஏறியது. வீட்டைச் சூடாக்கும் உலை அங்கேதான் இருந்தது. குழாய் தன்னுடையதல்ல என்றது ஊர் நிர்வாகம். தன்னுடையதும் அல்ல என்றது மாநிலச் சாலைத்துறை. குளிர் முற்றுவதற்குள் உறுப்பினர் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டும் என்பதே அவளுடைய கோரிக்கை.

மரீசா அவளுடைய கடைசிக் கடிதத்தை அலுவலகத் தலைவர் பிரெண்ட் ஹாலிஸ்டரிடம் கொண்டுபோனாள்.

"பிரெண்ட், இந்தம்மாவுக்குத் திரும்பவும் அதே பதில அனுப்ப எனக்குக் கூசுது. சாலைத்துறைக்கு ஒரே ஒரு போன் பண்ணுங்களேன்."

"சாலைத்துறைகிட்ட ஒரு உதவி கேட்டா, நம்மகிட்ட ரெண்டு கேப்பாங்க. பட்ஜெட் நேரத்துல அந்த உதவிய ஒரு சாக்கடைக்கா செலவு பண்றது?" சாண்ட்விச் எண்ணெய் படிந்த அவருடைய விரல் கடிதத்தின் ஓரிடத்தில் நின்றது. "அட, இதப் பாருங்க! 'நானும் ஸ்டீவும் கல்யாணமாகி அம்பது வருஷமா இந்த வீட்லதான் வாழறோம்.' பொன்விழா! ஒரு பாராட்டுப் பத்திரம் அடிச்சு, பிரேம் போட்டு அனுப்புங்க."

"அவங்க கேட்டது அதில்லயே."

"பத்திரம் வாங்கின யாரும் திரும்ப எழுதினதில்ல. செவுத்துல மாட்டிட்டு வாய மூடிக்குவாங்க."

'நறுமணம் கமழும் நல்லில்லறம்' என்ற வழக்கமான வாசகத்தின்மேல் பொன்முத்திரையை ஒட்டி, பிரேம் போட்டு அனுப்பிவைத்தாள் மரீசா.

சில நாட்களில் தீடாவே தொலைபேசியில் வந்தாள்.

"முத்திரையெல்லாம் ஜம்முனு இருக்கும்மா. இது மலத்துல மிதக்குமான்னு ஸ்டீவ் கேக்குறாரு."

"அம்மா, நான் வந்து..."

"உன்னத் திட்டல கண்ணு. உலை அணஞ்சு கெடக்கு, கோட்டப் போட்டுக்கிட்டுத் தூங்குறோம். மழை வரட்டும், மிதக்குதான்னு பாத்து அனுப்புறேன்."

மழை வந்தது, பின்னாலேயே பொட்டலமும் வந்தது. கண்ணாடிக்குள் பொன்முத்திரை வரைக்கும் பழுப்பு நீர் ஏறிக் காய்ந்திருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'மிதக்கவில்லை.'

தொகுதி மக்கள் பிரேம் போட்டு அனுப்பும் எதையும் வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது பிரெண்ட் முன்பே எழுத்தில் பிறப்பித்த ஆணை. மரீசா ஆணைப்படி நடந்தாள்.

உறுப்பினரைக் காண வந்திருந்த பால் பண்ணைக்காரர்கள், சாணத்திலேயே வளர்ந்தவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன கர்மம் இது?" என்று பாய்ந்து வந்தார் பிரெண்ட். "எடுங்க அத!"

"மாட்டச் சொல்லி நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. நகல் எங்கிட்ட இருக்கு. குழாய் யாரோடதுன்னு தெரிஞ்சதும் எடுத்துடுறேன்."

"மிரட்டுறீங்களா?"

"கதவத் தொறந்து வைங்க பிரெண்ட்," என்றார் ஒரு பண்ணைக்காரர். "இல்லன்னா அவங்க சொல்றதச் செய்யுங்க."

மூக்கைப் பிடித்தபடியே பிரெண்ட் சாலைத்துறையை அழைத்தார். குழாய் அவர்களுடையதுதான், திங்கட்கிழமை தோண்ட வருவார்கள். அவர் கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதற்கா ஒரு கிழவி இத்தனை கடிதம் எழுதினாள்? மலநாற்றத்தைவிட அந்த எளிமைதான் மரீசாவுக்குக் குமட்டியது.

"'உறுப்பினரின் அயராத முயற்சியால்'னு அவங்களுக்கு ஒரு கடிதம் போடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் பிரெண்ட்.

மரீசா பத்திரத்தைக் கழற்றிப் பையில் கட்டினாள். கடிதத்துக்கு முன்பாகத் தீடாவைத் தொலைபேசியில் அழைத்து, திங்கட்கிழமைச் செய்தியைச் சொன்னாள்.

"அடி ஆத்தே! யாரும்மா செஞ்சு குடுத்தது?"

"யாருமில்லம்மா. நீங்க அனுப்பின நாத்தம்தான்."