அண்ணி வீட்டு முகவரி

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள் அவள். அவளுடைய தெருவில் வேலைக்கு மனுப் போடும் எல்லோரும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய அண்ணி வீட்டு முகவரியைத்தான் எழுதுவார்கள். கறுப்பு நிறத்தவர் தெரு என்று தெரிந்தால் மனு குப்பைக்குப் போய்விடும்.

உறுப்பினர் தன் கொள்கைப் பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் அறையில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். அன்று துடைப்பத்தோடு இவள் மட்டும்தான் இருந்தாள். கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"எல்லாம் சரிதாம்மா. ஆனா வேலை மனுக் காகிதத்துல எங்க அண்ணி வீட்டுல இருபத்தேழு பேர் குடியிருக்கோம். தபால்காரர் அதை விடுதின்னே நினைச்சுட்டாரு."

உறுப்பினர் சிரித்தார், பிறகு பேனாவை எடுத்தார். மனுவில் தெருவும் புகைப்படமும் கேட்கக் கூடாது என்பது பட்டியலின் முதல் வரியானது. இரண்டு வருட மல்லுக்கட்டுக்குப் பின் சட்டமும் ஆனது.

அதனால் வேலை கிடைத்தவர்களில் அவள் மகளும் ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்து வேலையில் சேரும் படிவத்தை நிரப்பும்போது, மகளின் கை பழக்கதோஷத்தில் அத்தை வீட்டு முகவரியையே எழுதியது.

"அடியே, இன்னும் எதுக்கு அத்தை வீடு? அடிச்சிட்டு நம்ம தெருவை எழுது."

"பார்த்துட்டு ஏதாவது சொன்னாங்கன்னா?"

"சொல்லித்தான் பார்க்கட்டுமே!"

யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் உறுப்பினரின் மேசையைத் துடைக்கையில் நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"பொண்ணோட வேலை அட்டையில எங்க தெரு பேரு போட்டிருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.